குளவி மண்

முதல் நாள்: வெள்ளோடு

சேரன் எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. மாமா தன் பழைய ஆம்னி வேனோடு நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தார். "சாளைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் மாப்பிள்ளை" என்றார். சாளை என்றால் தோட்டத்து வீடு. எனக்குப் பொறுமை இல்லை. வண்டியைச் சென்னிமலைச் சாலையில் திருப்பச் சொன்னேன். வெள்ளோடு 15 கிலோமீட்டர்தான்.

ஆறு நாள் விடுப்பு. மாசி மாதம், வெயில் இன்னும் கடுமையாகவில்லை. எதையும் சுற்றிப் பார்க்கிற எண்ணம் இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததை அன்றிரவே எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். சாளையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி மேடு. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கொசுக்கடியில் எழுத்துப் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளோட்டுப் பெரியகுளம் 1996-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு சுமார் 77 ஹெக்டேர். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. பட்டியலைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பு மட்டும். பறவை பயந்துவிடும் என்பதற்காக ஓர் ஊர் தன் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி வைக்கிறது என்றால், அது லேசான காரியம் இல்லை.

காட்சிக் கோபுரத்தில் ஏறினால் குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. எச்சம் வழிந்து வழிந்து கிளைகள் வெள்ளையடித்த சுவர்போல் இருந்தன. ஒரே மரத்தில் பல குடித்தனம்: மேலே கூழைக்கடா, நடுவில் கொக்கு, ஓரக்கிளையில் நீர்க்காகம். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திப் போனது. கூழைக்கடா ஒன்று இறக்கையை விரித்தபோது காலை வெயில் இறகுக்குள் புகுந்து இந்தப் பக்கம் இளஞ்சிவப்பாக வந்தது. அரைமணி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பைனாகுலரில் ஒரு பெரிய கொக்கின் கூடு மாட்டிக்கொண்டது.

மூன்று குஞ்சுகள். இரண்டு ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது அவற்றில் பாதிகூட இல்லை. தாயோ தகப்பனோ, ஒன்று கூட்டு விளிம்பில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. மூத்த குஞ்சு நிமிர்ந்தது, கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது, சின்னதன் உச்சந்தலையில் கொத்தியது. மறுபடி. மறுபடி. பதினேழு வரை எண்ணினேன். சின்னது தலையைக் கூட்டுக் குச்சிகளுக்குள் புதைத்துக்கொள்ள, கொத்து பிடரியில் விழுந்தது. பிடரியில் ஏற்கெனவே தோல் உரிந்து சிவந்திருந்தது, ஆக இது இன்றைக்குத் தொடங்கிய சண்டை இல்லை. நின்றிருந்த கொக்கு குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதன் முதுகிலிருந்து தொங்கிய மெல்லிய இழைகள் காற்றில் ஆடின. ஒரு காலத்தில் சீமைப் பெண்களின் தொப்பிக்காக இந்தக் கொக்கினத்தைக் கொன்று குவித்தது அந்த இழைகளுக்காகத்தான்.

கொக்கு எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பிறகு அடைகாப்பதில்லை. முதல் முட்டையோடு உட்கார்ந்துவிடுகிறது. அடுத்தது ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரியும். கடைக்குட்டி கண் திறக்கும்போது மூத்தது நான்கு நாள் இரை தின்று கொழுத்திருக்கும். மீன் பெருகிய ஆண்டில் மூன்றும் பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கடைசியது போகும், மற்ற இரண்டும் தேறும். மானாவாரியில் விதையைக் கொஞ்சம் நெருக்கமாகவே விதைத்துவிட்டு, மழையைப் பார்த்துப் பயிரைக் கலைத்துவிடுவார்களே, அந்தக் கணக்கு. கலைக்கிற வேலையைத்தான் கொக்கு மூத்த பிள்ளையிடம் விட்டுவிடுகிறது.

மாமாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது "பங்காளி" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் கிணற்றுப் பங்கு வழக்கு ஒன்று இருபத்திரண்டு ஆண்டுகளாக நடக்கிறது.

நாங்கள் இறங்கும்போது சின்னக் குஞ்சு கூட்டை விட்டு வெளியே, ஒரு விரற்கடைக் குச்சியைப் பற்றிக்கொண்டிருந்தது. கீழே நீர்.

இரண்டாம் நாள்: கொறங்காடு

காங்கேயத்துக்கும் முத்தூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்பது மாமாவின் உத்தரவு.

இங்கே மேய்ச்சல் காட்டுக்குக் கொறங்காடு என்று பெயர். ஊர்ப் புறம்போக்கு இல்லை, ஒவ்வொருவரும் தம் பட்டா நிலத்தில் தாமே வைத்துக் காப்பாற்றுவது. மழை குறைந்த, சுண்ணாம்புக்கல் கலந்த மண். சுற்றிலும் கிளுவையில் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு அங்கங்கே வெள்வேல் மரம். படலைத் திறந்து மாட்டை விட்டால் போதும், மேய்ப்பவர் தேவையில்லை. ஒரு காடு மேய்ந்து தீர்ந்தால் அதைச் சாத்திவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகும். மாமா வீட்டுக் கன்று இப்போது நடுவாந்தரத்தில் நிற்கிறது: முகம் சாம்பல், வயிறு செம்மண். யாரோ பாதி கழுவிவிட்டதுபோல.

காலை எட்டு மணிக்கு வெள்வேல் மர நிழலில் உட்கார்ந்தேன். புல் காய்ந்து பொன்னிறமாகிவிட்டது. காற்று அடித்தால் காடு முழுக்க ஒரே திசையில் படுத்து எழுகிறது. சூரியனுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக எரிகிறது.

தலைக்கு மேலே ஒரு கீச்சான் வந்து உட்கார்ந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது. தலை சாம்பல், முதுகு காவி, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, கொள்ளைக்காரன் முகத்தில் துணி கட்டியதுபோல. தரையில் பாய்ந்தது, அலகில் விரல் நீள ஓணான் குட்டியோடு திரும்பியது. எனக்கு ஐந்தடி தூரத்தில் வெள்வேலின் முள் ஒன்றில் அதன் கழுத்தை வைத்து அழுத்தி இழுத்தது. முள் தோலைத் துளைத்து மறுபக்கம் எட்டிப்பார்த்தது. ஓணானின் வால் அப்போதும் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. கீச்சானுக்கு இது கொடுமை இல்லை, கைவசம் உள்ள ஒரே வழி. கழுகுக்கு இருப்பதுபோல் இரையைப் பிடித்து அழுத்துகிற கால் அதற்கு இல்லை. அலகு வேட்டைக்காரனுடையது, கால் பாட்டுக்காரக் குருவியுடையது. முள்தான் அதற்குக் கால். கிழித்து நான்கு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை அங்கேயே விட்டுப் போனது. அதே கிளையில் காய்ந்த வெட்டுக்கிளி ஒன்றும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன்.

அங்கேயே, மர நிழலின் பொடிமண்ணில், குழியானைக் குழிகள். ரூபாய் நாணய அளவில் பத்துப் பன்னிரண்டு புனல்கள். சின்ன வயதில் இதே ஊரில் குழியை ஊதி, புழுவைப் பிடித்து உள்ளங்கையில் விட்டு, அது பின்னோக்கியே நடப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இன்று மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

ஓர் எறும்பு விளிம்பில் நடந்தது. கால் சறுக்கியது, ஏறியது, தப்பிவிட்டது. அடுத்த எறும்புக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான்தான் ஒன்றை எடுத்துப் போட்டேன். எழுதும்போது இதை மறைக்கலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை.

மண் இனிமேல் நிற்காது என்கிற சரிவில்தான் அந்தச் சுவர் கட்டப்பட்டிருக்கிறது. எறும்பு வைக்கிற ஒவ்வோர் அடியும் மண்ணை உருட்டிவிடுகிறது. உருளும் மண் எறும்பையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. பாதி ஏறியபோது அடியிலிருந்து மண் பொழிந்தது. புழு தலையால் மண்ணை வாரி மேலே வீசுகிறது. மூன்றாவது வீச்சில் எறும்பு அடியில் விழ, இரண்டு கொக்கிகள் மூடின. பிறகு குழிக்குள் அசைவில்லை. கொக்கிகள் உள்ளே குழலாக இருப்பவை. அவற்றின் வழியாகவே உறிஞ்சிவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வெற்றுக்கூடு வெளியே எறியப்பட்டது. கையில் எடுத்தேன். கால், மீசை எல்லாம் இருக்கின்றன, எடைதான் இல்லை. இந்தப் புழுவுக்குக் கழிவை வெளியேற்றும் துளையே கிடையாது. வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, தட்டான்போல் இறக்கை முளைத்து வரும்வரை அத்தனையையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். இத்தனை பேரைத் தின்று வளர்ந்தது, கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் தள்ளாடிப் பறந்து, பல்லி வாயில் போவதைச் சாளையிலேயே பார்த்திருக்கிறேன்.

"என்ன மாப்பிள்ளை, மண்ணில் என்ன தேடுகிறீர்கள்?" என்று மாமா கேட்டார். சொன்னேன். "சின்ன வயதில் செய்ததையே இப்போதும் செய்கிறீர்கள்" என்றார். அதில் கேலி எவ்வளவு, கவலை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள்

இன்று சுருக்கமாக.

விடியற்காலை மூன்று மணிக்கு நாய்கள் பட்டிக்குள் இறங்கிவிட்டன. சத்தம் கேட்டு மாமா டார்ச் விளக்கோடு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். செம்மறிக்குத் திருப்பிச் சண்டை போடத் தெரியாது, கத்தவும் தெரியாது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து நின்றன. ஆறு செத்துவிட்டன. மூன்று சாகும் நிலையில் இருந்தன. தொண்டையிலும் தொடையிலும் கடி. எதையும் தின்னவில்லை, ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கின்றன. ஒரு குட்டி, செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் நாய் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் எங்கும், இதே கதை. விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கொண்டுவந்து போட்டு மறியல் செய்ததைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

நேற்றும் முந்தாநாளும் கொக்கையும் கீச்சானையும் பார்த்துக் காரணம் காரணமாக அடுக்கினேன். இன்று ஒரு காரணமும் தோன்றவில்லை. அத்தை ஈயச் சட்டியில் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் தடவிக்கொண்டே "சாமி, சாமி" என்றார்; ஆட்டைத்தான் அப்படிக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் அந்த மூன்றில் இரண்டும் போய்விட்டன. குழி வெட்டிப் புதைத்தோம். மண் சுண்ணாம்புக்கல், கடப்பாரை ஒவ்வொரு போடுக்கும் துள்ளியது.

குழியை மூடும்போது மாமா சொன்னார்: "உங்கள் அப்புச்சி காலத்தில் குழி வெட்ட வேண்டியதே இல்லை. செத்த மாட்டை ஊர் எல்லைப் பாறையில் போட்டுவிட்டு வந்தால் பாறுக்கழுகு வந்து ஒரே நாளில் எலும்பாக்கிவிடும்." பிறகு கைகால் கழுவப் பொடக்காணிக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள்: ஆசாரத்துச் சுவர்

எங்கும் போகவில்லை. சாளையின் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நிலைப்படிக்கு மேலே, சுவரும் உத்திரமும் சேருகிற மூலையில், ஒரு குளவி மண்கூடு கட்டுகிறது. மெலிந்த கறுப்புக் குளவி. இடுப்பு நூலளவுதான், அதில் மஞ்சள். தண்ணீர்த் தொட்டியடிச் சேற்றுக்குப் போகும், பயறளவு உருண்டையோடு வரும், ஏற்கெனவே உள்ள விளிம்பில் வைத்து அரைவளையமாக இழுக்கும். இழுக்கும்போது மட்டும் 'ரீங்' என்று ஒரு சத்தம். உருண்டை தீர்ந்தால் சத்தமும் நின்றுவிடும். தண்ணீர்த் தொட்டி இருபதடி தூரம். ஓர் உருண்டைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். இப்படி உருண்டை உருண்டையாக ஓர் அறை எழும்பியது, சுண்டுவிரல் நுழைகிற அளவு, உள்பக்கம் வழவழவென்று.

இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நம்மிடம் பழைய கதை ஒன்று உண்டு. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்து, கொட்டிக் கொட்டி, காதில் ஊதி ஊதி, அதையும் குளவியாக்கிவிடும் என்பது. குரு சீடனைத் தன்னைப்போலவே ஆக்குவதற்கு இதைத்தான் உவமை சொல்வார்கள். என் அமுச்சி, அம்மாவின் அம்மா, என்னைப் படிக்க உட்கார வைக்கும்போது சொல்வது இதுதான்: "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும், கண்ணு." நானும் நெடுநாள் நம்பினேன்.

கதையைக் கட்டியவர் பார்க்காமல் கட்டவில்லை. புழு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார், கூடு மூடப்படுவதைப் பார்த்திருக்கிறார், சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருவதையும் பார்த்திருக்கிறார். சத்தத்தையும் கேட்டிருக்கிறார். நடுவில் உள்ள மண்சுவரை மட்டும் உடைத்துப் பார்க்கவில்லை.

நான் உடைத்தேன். நேற்றோ முந்தாநாளோ மூடிய அறை ஒன்றைப் பேனாக்கத்தியால் நெம்பினேன். வேட்டி நுனியில் கொட்டின பதினொரு சிலந்திகள். புல்லில் வாழ்கிற பச்சைச் சிலந்திகள், வெள்ளைக் கோடு போட்டவை, ஒரு தாவுசிலந்தி. செத்தவைபோல் கால் மடக்கிக் கிடந்தன. ஒன்றைத் துரும்பால் தொட்டேன். முன்கால் ஒன்று மெல்ல நீண்டு, மெல்ல மடங்கியது. அதுதான் விஷயம்: செத்திருந்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். குளவி கொட்டுவது கொல்வதற்கு இல்லை, கட்டிப்போடுவதற்கு. கண் உண்டு, உயிர் உண்டு, அசைவு மட்டும் கிடையாது. ஒரு சிலந்தியின் வயிற்றில் அரிசிக் குருணைபோல் ஒரு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது. அது பொரித்து வருகிற புழு இருட்டறையில் ஒவ்வொன்றாகத் தின்று முடிக்கும். கெடாத இறைச்சி. பிறகுதான் குளவி. ஊதுவது மந்திரமும் இல்லை. உடலை அதிர வைத்து ஈரமண்ணை இளக்கிப் பூசுகிற வேலை, கொத்தனார் கரணையால் தட்டித் தட்டிச் சாந்தைப் படிய வைப்பதுபோல.

உள்ளே நடப்பது தெரிந்த பிறகும் அந்தப் பழமொழியை வெறுக்க முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடச் சுவரில் எழுத நான் இனி சிபாரிசு செய்ய மாட்டேன்.

பதினொரு மணி சுமாருக்கு இன்னொரு ஆள் வந்தது. ஈயைவிடப் பெரிது, மயில் கழுத்தின் பச்சையும் நீலமும், வெயில் பட்ட இடத்தில் தாமிரமும். இந்த நான்கு நாளில் நான் பார்த்த எல்லாவற்றிலும் அழகானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உத்திரத்தில் அசையாமல் உட்கார்ந்தது. கறுப்புக் குளவி சிலந்தி தேடிப் போனதும், இது திறந்த அறையை நோக்கி நடந்து, தலையை விட்டுப் பார்த்து, திரும்பி, வயிற்றுப் பக்கத்தை உள்ளே நுழைத்தது. அரை நிமிடம்கூட இல்லை. இதுவும் குளவி இனம்தான், ஆனால் மண் சுமப்பதில்லை, வேட்டையாடுவதில்லை. அடுத்தவள் கட்டிய வீட்டில் முட்டையிடுவதே அதன் தொழில். அதன் குஞ்சு அந்தக் குளவியின் குஞ்சையே தின்று வளரும். இரண்டாம் முறை வந்தபோது வீட்டுக்காரி திரும்பிவிட்டாள். மோதிய மோதலில் பச்சைக் குளவி பந்துபோல் சுருண்டு தரையில் விழுந்தது. ஓடு அவ்வளவு கெட்டி, கொடுக்கு ஏறாது. ஐந்து நிமிடம் அப்படியே மரகதக் கல் மாதிரி கிடந்தது. பிறகு பிரிந்து, கால் உதறி, பறந்துவிட்டது.

மண் துணுக்குகளைக் கூட்டும்போது அத்தை வந்துவிட்டார். உடைந்த அறையைப் பார்த்ததும் முகம் மாறியது. என் மாமா மகனின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பது இங்கே எல்லாரும் சொல்வது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆளையே அந்த மூலையைத் தொடவிடாமல் திருப்பியிருக்கிறார்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே கண்ணு" என்றார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் சிலந்திகளைக் காட்டி விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஆட்டுப்பட்டி காலியாகிய வீட்டில், ஏழாம் மாதப் பெண் பக்கத்து அறையில் படுத்திருக்க, எதைச் சொல்வது? குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

ஐந்தாம் நாள்: கொடிவேரி, பண்ணாரி

வீட்டில் முகம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஈரோடு, கோபி, அங்கிருந்து சத்தியமங்கலம் பஸ். கோபி தாண்டியதும் கண் பச்சையாகிவிடுகிறது. கொடிவேரி அணையிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் தயவு. மாமா ஊரின் கல்லுமண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த நெல்வயலைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அணைக்கட்டில் கூட்டம். மேலே தண்ணீர் பாலாக விழ, கீழே பிள்ளைகள் கத்த, கரையில் மீன் வறுபடுகிறது. நானும் ஒரு தட்டு வாங்கித் தின்றேன். எட்டு ஆடுகளுக்கு அழுத கையோடு மீன் தின்கிறாயே என்று நீங்கள் கேட்பதற்குள் நானே கேட்டுவிட்டேன். மீன் நன்றாக இருந்தது.

கூட்டத்தை விட்டு ஆற்றோரமாகச் சற்று நடந்தால் அத்திமரங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்ச் சிவந்த பழம். குக்குறுவான் தின்று சிதறியது கீழே மெத்தையாகக் கிடந்தது. அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி ஆண்டில் பலமுறை பூக்கிறது, காய்க்குள்ளே பூப்பதால் தெரிவதில்லை. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்றும் சொல்கிறோம். பிட்டுப் பார்த்தேன். சொத்தை இல்லை அது, மகப்பேறு மனை. எள்ளைவிடச் சின்னக் குளவிகள். பெண்குளவி காயின் கண் வழியாக நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே பூக்களுக்கு மகரந்தம் தூவி, முட்டையிட்டு, அங்கேயே சாகும். பிறகு பிறக்கிற ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. இன்னும் அறை விட்டு வெளிவராத பெண்களோடு கூடி, அவர்கள் வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டுச் சாகும். ஒரு ஆண்குளவிக்கு உலகம் என்பது ஒரே ஓர் அத்திக்காய். அந்தப் பிய்ந்த இறக்கை ஒன்று தெரிகிறதா என்று பழத்தின் வாயில் தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை. குளவியில்லாமல் அத்தி இல்லை, அத்தி இல்லாவிட்டால் குக்குறுவானுக்குச் சோறில்லை. மிச்சப் பாதியை வாயில் போட்டுக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் பண்ணாரி. அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சாலையோரம் நின்றேன். இதற்கு மேல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். நான் ஏறப் போவதில்லை. வானம் பார்க்கத்தான் வந்தேன். மாமா சொன்ன பாறு இங்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் பருந்தும் காக்கையும்தான். டீக்கடைக்காரர் என் கழுத்து வலிக்குப் பரிதாபப்பட்டு ஸ்டூல் கொடுத்தார். மூன்றரைக்கு மேல், மலை விளிம்பிலிருந்து நான்கு வந்தன. இறக்கையை அசைக்கவே இல்லை. கதவுப் பலகைபோல் அகன்ற இறக்கை, அடிப்பக்கம் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. வெண்முதுகுப் பாறு. ஒரு வட்டம், இன்னொரு வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் மேலே. பிணம் தின்கிற பறவைக்கு இந்த நிதானத்தை யார் கொடுத்தார்கள்! மோயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும், ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. இந்த மாதம் அங்கே குஞ்சு இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுக்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. யாரும் சுடவில்லை, கூடு கலைக்கவில்லை. வலியில் துடிக்கிற மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்டும் செத்த மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளில் எல்லாம் சுண்ணாம்புபோல் உப்பு படிந்து, சில நாளில் தலை தொங்கிச் சாகும். கால்நடைக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். அதே கெடுதலைச் செய்கிற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023-இல் தடை செய்தார்கள். பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கடையில் கிடைக்கிறது. பாறு போன பிறகு செத்த மாடு யாருக்குப் போனது என்றால், நாய்க்கு. பாறு குறைந்த காலத்தில் நாடு முழுக்க நாய்க் கூட்டம் பெருகியதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பட்டியில் இறங்கிய நாய்களுக்கு அது மட்டும் காரணமில்லை. சாலையோரம் கொட்டுகிற கோழிக் கழிவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இரவு திரும்பியதும் மாமாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "தொண்ணூற்றெட்டில் நம் மயிலைப் பசுவுக்குக் கால் வீங்கிப் படுத்துவிட்டது. ஒரு வாரம் நானே தினம் ஒரு ஊசி வாங்கி வந்து போடச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே படுத்திருந்தது மாப்பிள்ளை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அப்படியும் போய்விட்டது." எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை. எங்கே போட்டீர்கள் என்றும் கேட்கவில்லை. "பாறையில்தான்" என்று அவராகவே சொன்னார்.

ஆறாம் நாள்

இரவு வண்டி. பகல் முழுக்கக் கட்டுத்தரையில் கழிந்தது. பிழைத்த அந்த ஒரு ஆடு எழுந்து நின்று இரண்டு வாய் தழை தின்றது. தாயில்லாக் குட்டிக்கு மாமா மகனின் மனைவி பால்புட்டியில் பசும்பால் கொடுத்துப் பழக்கிவிட்டாள். மூன்று முறை தட்டிவிட்டு நான்காம் முறை பிடித்துக்கொண்டது.

பெட்டியை எடுக்க ஆசாரத்துக்கு வந்தபோது மூலையைப் பார்த்தேன். குளவி என்னைப் பொருட்படுத்தாமல் நான்காவது அறையை எழுப்பிக்கொண்டிருக்கிறது. நான் உடைத்த அறைக்குள் அன்றே எறும்பு ஏறி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது எனக்குத் தெரியும்; சாரையைப் பார்த்தேன். உடைந்த கூட்டைக் குளவிகள் திரும்பப் பூசுவதில்லை. ஆனால் ஓட்டை மூடியிருந்தது. செம்மண், இன்னும் ஈரம் காயவில்லை. நாற்காலியில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். குளவியின் அரைவளையங்களுக்கு நடுவே, அகலமாக, ஒரு கட்டைவிரல் ரேகை.

அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "கட்டுச்சோற்றைப் பைக்கு மேலேயே வைத்திருக்கிறேன் கண்ணு. வண்டி ஏறியதும் சாப்பிட்டுவிடுங்கள், தயிர் புளித்துவிடும்."